கப்பல்காரர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை

பதுளை டவுன் காலை வெயிலில் பார்க்க அழகான இடம். ஐம்பத்தெட்டு வயதில்தான் எனக்கு அது தெரியவந்தது. அதற்கு முன்னால் ஐந்நூறு தடவையாவது அங்கே போயிருப்பேன். ஆஸ்பத்திரிக்கு, அடகுக் கடைக்கு, அடையாள அட்டை எடுக்க, ஒருமுறை கோர்ட்டுக்கு. டவுனைப் பார்க்க என்று போனதில்லை.

ஐயா, பொலிஸ் சார்ஜன் சிங்களத்தில் எழுதிவிட்டு என்னைக் கையெழுத்து மட்டும் போடச் சொன்னார். நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். திடீர் மரண விசாரணை அதிகாரி நீங்கள், தமிழ் வாசிப்பீர்கள் என்று சொன்னார்கள். நாற்பத்தொன்பது வயது வரைக்கும் நான் கைநாட்டு. எங்கள் தோட்டத்துச் சேர்ச்சில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு வைத்தார்கள். இருபத்தாறு பேர் சேர்ந்தோம். கடைசி நாள் வரைக்கும் போனவன் நான் ஒருத்தன்தான். ஆகவே இதில் பிழை இருந்தால் அது எழுத்துப் பிழைதான், வேறு பிழை இருக்காது.

என் பெயர் அந்தோனி மாணிக்கராஜ். ஹாலிஎலயிலிருந்து ஏழு மைல் கட்டை மேலே போனால் எங்கள் லயம், தோட்டத்து வரிசை வீடுகள். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவது, தண்ணி ஓடக் கான் வெட்டுவது, மண்ணை இளக்க முள்ளுக் குத்துவது என்று நாற்பத்தொரு வருஷ வேலை. என் மனைவி அற்புதமலர் அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படி இறந்தாள் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். குளவி கொட்டி இறந்தாள். டாக்டரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார், அது சரி. ஆனால் அன்றைய நாளைக் காலையிலிருந்து சொன்னால்தான் ஐயாவுக்கு விளங்கும்.

ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வெளிநாட்டுப் பெரிய கப்பல்கள் வருகின்றன. அதில் வருகிறவர்கள் ஒரு நாளைக்குக் கரையில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு இருட்டினதும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். கொஞ்சப் பேர் யானை பார்க்கப் போவார்கள். கொஞ்சப் பேர் விடியற்காலம் பஸ் ஏறி மலைக்கு வருவார்கள். அவர்களுக்கு வழிகாட்டி ஸமீம். பதுளை டவுன் ஆள், லைசன்ஸ் உள்ளவர், நாலு பாஷை பேசுவார். யானையை எல்லா வழிகாட்டியும் காட்டுகிறான், நாம் வேறு ஏதாவது காட்ட வேண்டும் என்று அவர் யோசித்திருக்கிறார். 'உண்மையான தேயிலைத் தொழிலாளியோடு ஒரு நாள்' என்று ஒரு பயணம் போட்டார். காலையில் அந்தத் தொழிலாளி பதுளையைச் சுற்றிக் காட்டுவான், பகலில் தன்னுடைய லயத்துக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு கொடுப்பான், மலையில் கொழுந்து பறிப்பதைக் காட்டுவான்.

தொழிலாளியைத் தேடி மாசி மாதம் எங்கள் லயத்துக்கு வந்தார். பதினொரு ஆண்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார். என் முன்னால் நின்று, "அண்ணே, ஒங்க மொகம் நல்லா களைச்சிருக்கு. நீங்கதான் சரி," என்றார். நாற்பத்தொரு வருஷமாக அந்தக் களைப்பு யாருக்கும் பிரயோசனப்பட்டதில்லை.

நான் அந்த நாளுக்கென்று பதுளையில் ஒரு சோடி சப்பாத்து வாங்கினேன். அன்று காலை கப்பல் பஸ் வந்து நின்றதும் ஸமீம் அதைக் கழற்றி பஸ் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னார். வெறும் காலும் இடுப்பில் பழைய சாரமும்தான் வேண்டுமாம். ஆனால் நெஞ்சில் குத்த ஒரு அட்டை கொடுத்தார். இங்கிலீசில் ஏதோ அச்சடித்திருந்தது, கீழே வெறும் இடம். அதில் நானே என் பெயரை எழுதினேன். மாணிக்கராஜ், வழிகாட்டி.

கொழுந்துக் கூடைக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. எங்கள் பெண்கள் இப்போது பைதான் கட்டுகிறார்கள், பிரம்புக் கூடை லயத்தில் ஒன்றும் இல்லை. ஒரு ஹோட்டல் சுவரில் அழகுக்கு மாட்டியிருந்த மூன்று கூடைகளை ஸமீம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தார். என் மனைவி மலரைக் கூடையோடு நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, சேலை பளிச்சென்று இருக்கிறது, பழசு இருந்தால் நல்லது என்றார். "பழசுக்கா பஞ்சம் தம்பி," என்று அவள் சிரித்தாள். அவளோடு பக்கத்துக் காம்பரா, அதாவது பக்கத்து வீட்டுத் தனலெட்சுமியும் இன்னொரு பெண்ணும் நிற்பதாக ஏற்பாடு.

ஞாயிறு காலை எட்டரைக்குப் பதுளை ஸ்டேசன் வாசலில் கப்பல் பஸ் வந்து நின்றது. பதினாலு பேர் இறங்கினார்கள், எல்லாரும் வயசாளிகள், எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள். ரயில் பாதை அங்கே முடிந்துபோகிறது. ஒரு நெட்டை மனுசன் தண்டவாளத்தைக் காட்டி, இதற்கு அப்புறம் எங்கே போகும் என்று கேட்டாராம். நான், "எங்கயும் போகாது, திரும்பத்தான் போகணும்," என்றேன். ஸமீம் அதை ரெண்டு நிமிஷம் இங்கிலீசில் சொன்னார். கேட்டுவிட்டுக் கிழவர் தொப்பியைக் கழற்றினார். நான் சொன்னதை என்னவாக மாற்றினார் என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் நான் வாய் திறந்தால் பதினாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். அது எனக்குப் புதுசு.

விகாரைக்குப் போனோம். எல்லாரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். எனக்குக் கழற்ற ஒன்றும் இல்லாததால் வெளியில் நின்று பதினாலு சோடிக்கும் காவல் இருந்தேன். பிறகு வெள்ளைக்காரன் கட்டிய பழைய சேர்ச். பிறகு கடைத்தெரு. கருவாட்டை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தார்கள். ஒரு அம்மா தேங்காய் துருவுகிற திருவலை வாங்கினார், அவர் நாட்டில் தேங்காய் இல்லையாம். நானும் அன்றைக்குத்தான் அந்தத் தெருவை விலை கேட்காமல் நடந்து பார்த்தேன்.

பழக்கடையில் அன்னாசிக்கு மேலே நாலைந்து தேனீ சுற்றிக்கொண்டிருந்தது. மஞ்சள் பை மாட்டியிருந்த ஒரு அம்மா அதைக் கண்டதும் ரோட்டுக்கு மறுபக்கம் போய் நின்றுகொண்டார். ஸமீம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, அந்தம்மாவுக்குத் தேனீ, கொளவி ஒண்ணும் ஆகாது. கொட்டினா மூச்சு அடைச்சுப்போகுமாம். அதுக்கான ஊசியை அந்தப் பையிலயே வச்சிருக்காங்க. ஒங்க மலையில கொளவி இருக்கா?"

"ஒண்ணுகூட கெடையாது," என்றேன்.

"நெசமாத்தானே? அவங்க பயந்தா மத்த ஆளுகளும் பஸ்ஸ விட்டு எறங்க மாட்டாங்க. கப்பலுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டா நம்ம பயணம் இன்னையோட சரி."

"நெசம் தம்பி."

அவர் போய் அந்த அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா தெருவைக் கடந்து வந்து என் தோளைத் தட்டினார்.

அது பொய் என்று சொல்ல முடியாது. அந்த வாரம் எங்கள் மலையில் யாருக்கும் கொட்டவில்லை. ஆனால் ஒன்பதாம் நம்பர் தேயிலை மலையில் பாறைக்கு அடியில் ஒரு கூடு இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது குளவிக்கூடு கண்டால் மலைக்கு ஏறுகிற பாதையில் ஒரு கம்பு நட்டு அதில் சிவப்புத் துணி கட்டிவிடுவோம். அதற்கு எழுத்துத் தெரியத் தேவையில்லை. துணி இருந்தால் கங்காணி ஏசினாலும் பெண்கள் காலெடுத்து வைக்க மாட்டார்கள். புகை போட்டுக் கூட்டைக் கலைத்த பிறகுதான் துணியை அவிழ்ப்போம். ஒன்பதாம் மலைக்கு அந்தத் துணியைக் கட்டினவனே நான்தான்.

அந்த மலையில் நின்றால் பதுளை டவுன் முழுக்கத் தெரியும், எதிரே நமுனுகுல மலை. போட்டோவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று ஸமீம் அதைத்தான் தெரிந்தெடுத்திருந்தார். சிவப்புத் துணியோடு போட்டோ எடுத்தால் ஏதோ ஸ்ட்ரைக் நடக்கிற மாதிரி இருக்கும். சனிக்கிழமை சாயந்தரம் போய் அவிழ்த்துவிட்டேன். கம்பையும் பிடுங்கிவிட்டேன்.

புகை போட நேரம் கிடைக்கவில்லை. கூடு பாறைக்குக் கீழே இருந்தது, பெண்கள் நிற்கப்போவது மேலே. ராத்திரி ரொட்டிக்கு மாவு சலித்துக்கொண்டே மலர் கேட்டாள், "ஒம்பதுலயா நிக்கணும்? அங்கன துணி கட்டியிருந்திச்சே." புகை போட்டாச்சு என்றேன். சரி என்றாள். முப்பத்தாறு வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவள் ரெண்டாந்தரம் கேட்டதில்லை. நல்ல குணம் உள்ளவள். அந்தக் குணம் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும் நினைக்கிறேன். குற்றமாகச் சொல்லவில்லை.

பகல் பன்னிரண்டரைக்குப் பஸ் எங்கள் தோட்டத்து ரோட்டில் ஏறியது. நான் முன்னால் நின்று இது பதினாலாம் மலை, இது பழைய பங்களா என்று காட்டிக்கொண்டு வந்தேன். லயத்துக்கு முந்தின ரோட்டு முடக்கில் தனலெட்சுமி நடு ரோட்டில் நின்று கையை ஆட்டினாள். வரவேற்கிறாள் என்று நினைத்து பஸ்ஸில் எல்லாரும் திரும்பக் கை ஆட்டினார்கள். நான் மட்டும் இறங்கினேன்.

"அண்ணே, மலரக்காவக் கொளவி மொச்சிருச்சு. சேலையத் தலையில போட்டுக்கிட்டு ஓடி வந்தாங்க, லயத்துக்கிட்ட விழுந்துட்டாங்க. மத்தவ வேற பக்கம் ஓடிட்டா, நான் மட்டும்தான் தூக்கிட்டு வந்து ஒங்க பாயில கெடத்தியிருக்கேன். மொகமெல்லாம் வீங்கிக் கெடக்கு. பஸ்ஸ அப்படியே திருப்பச் சொல்லுங்க."

அவள் கையிலும் ரெண்டு இடத்தில் கொட்டியிருந்தது. பெரட்டுக்கு, காலையில் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, நின்று பழகின பொம்பளை, குரல் ஊருக்கே கேட்கும். சத்தம் போடாதே என்றேன். அம்புலன்சுக்கு நான் போன் அடிக்கிறேன், நீ போய் ரொட்டியைப் பார் என்றேன். போனைக் காதில் வைத்தேன். ஸமீமிடம், வீடு கூட்டிப் பெருக்க வேண்டுமாம், அஞ்சு நிமிஷம் பஸ்ஸிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பதை ஐயா கவனிக்க வேண்டும். நடந்து போகவில்லை.

மலர் எங்கள் காம்பராவில் பாயில் கிடந்தாள். எவ்வளவு இடத்தில் கொட்டியிருந்தது என்று நான் பார்க்கவில்லை. சுண்ணாம்பு தடவினேன். சீனித் தண்ணி கொடுத்தேன், கொஞ்சம் உள்ளே போனது. கம்பளியைப் போர்த்தினேன். காற்றுப் படாமல் இருக்கட்டும் என்று கதவைச் சாத்தினேன்.

ஐயா தோட்டத்தில் இருந்தவர் இல்லை, ஆகவே ஒன்று சொல்ல வேண்டும். குளவி கொட்டுவது எங்களுக்குப் பெரிய காரியம் இல்லை. மழைக்கு நனைகிற மாதிரி. மலருக்கு அதற்கு முன்னால் மூன்று தரம் கொட்டியிருக்கிறது. ஒருதரம் பதினேழு இடத்தில். தோட்டத்து லொறியில் பதுளைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு, அன்றைக்கு அரைப் பேர்தான் போட்டார்கள் என்று ஏசிக்கொண்டே திரும்பி வந்து சோறு வடித்தவள். அரைப் பேர் என்றால் பாதி நாள் சம்பளம். அப்படிப்பட்டவள் ரெண்டு மணித்தியாலம் தாங்குவாள் என்று நினைத்தேன். கப்பல் இரவு எட்டுக்குப் புறப்படும். பஸ் மூன்று மணிக்கு முன்னால் போயாக வேண்டும். ரெண்டு மணித்தியாலம்தான்.

ஊசி போட்டதால்தான் அவள் திரும்பி வந்தாள் என்பது அப்போது மனதில் வரவில்லை.

விருந்து எங்கள் காம்பராவில் நடப்பதாகத்தான் இருந்தது. அதைத் தனலெட்சுமியின் இஸ்தோப்புக்கு மாற்றினேன். வாசல்தானே அது, காற்றோட்டமாக இருக்கும் என்றேன். வாங்கு போட்டு எல்லாரையும் உட்கார வைத்தோம். ரொட்டி, சம்பல், பிளேன்டீ. அவர்கள் எங்கள் தண்ணி குடிக்க மாட்டார்கள் என்பதால் லயத்தில் இருக்கிற ஒரே ஓட்டோவையும் காலையிலேயே போத்தல் தண்ணி வாங்க ஹாலிஎலக்கு அனுப்பியிருந்தேன். தயாபரனுடைய ஓட்டோ அது.

மஞ்சள் பை அம்மா சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் மலரின் பாய். நடுவே ஒரு முழம்கூட இருக்காது. பை அவர் மடியில் இருந்தது.

அந்த ஊசி மலருக்கும் கேட்கும் என்று எனக்குத் தோன்றவில்லை என்று பொலிசில் சொல்லியிருக்கிறேன். அது சரியில்லை. தோன்றியது. காலையில் ஸமீம் குளவியையும் சேர்த்துத்தான் சொன்னார், ஞாபகம் இருந்தது. ஆனால் ஊசியைக் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். குளவி கொட்டிவிட்டது என்றால் குளவி இருக்கிறது என்று ஆகிவிடும். இல்லை என்று சொன்னவன் நான். நெஞ்சில் அட்டையோடு நிற்கிறேன்.

நிறையக் கேட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, எத்தனை பிள்ளை, என்ன சாப்பாடு. ஒரு மகன் ரொஷான், கொழும்பில் கடையில் நிற்கிறான் என்றேன். மனைவி எங்கே என்று கேட்டார்கள். சேர்ச்சுக்குப் போய்விட்டாள், இன்றைக்கு ஞாயிறு அல்லவா என்றேன். ஸமீம் அதைச் சொன்னதும் ரெண்டு பெண்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். பக்தி உள்ள குடும்பம் என்று சந்தோசப்பட்டார்களாம்.

அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு இழுக்கிற சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. மஞ்சள் பை அம்மா திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்ன சத்தம்னு கேக்குறாங்க," என்றார் ஸமீம்.

"ஆடு. சீக்கு ஆடு," என்றேன்.

பார்க்கலாமா என்று கேட்டார்களாம். சீக்கு ஒட்டிக்கொள்ளும், வேண்டாம் என்றேன். அந்த அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. பாவம் என்று மட்டும் சொன்னாராம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மலைக்குப் போக வேண்டும். ஒன்பதாம் மலையில் பனி இறங்கிவிட்டது என்று சொல்லி லயத்துக்குக் கீழே ஒரு பழைய மலைக்குக் கூட்டிப்போனேன். வானம் தெளிவாக இருந்தது, ஸமீம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முன்னால் நடந்தார். கொழுந்து பறிக்கப் பெண்கள் இல்லாததால் நான் கவ்வாத்து வெட்டிக் காட்டினேன். கத்தியை எப்படிப் பிடிப்பது, செடியை எந்த உயரத்தில் நிறுத்துவது, எந்த வாது, எந்தக் கிளை பிழைக்கும், எது பிழைக்காது என்றெல்லாம் சொன்னேன். நாலு செடி வெட்டினேன். வெட்டி நிமிர்ந்ததும் பதினாலு பேரும் கை தட்டினார்கள்.

ஐயா, நாற்பத்தொரு வருஷத்தில் எத்தனை லட்சம் செடி வெட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒருத்தரும் கை தட்டினதில்லை. இன்னொரு நாலு செடி வெட்டினேன். அவர்கள் கேட்கவில்லை, நானாகத்தான் வெட்டினேன்.

அதற்குள் தனலெட்சுமி ரெண்டு தரம் வந்துவிட்டாள். முதல் தரம், எங்கே அம்புலன்ஸ் என்றாள். ஹாலிஎல தாண்டிவிட்டது என்றேன். ரெண்டாந்தரம் வந்து என் சட்டையைப் பிடித்தாள். "அண்ணே, அக்காவுக்கு ஒதடு நீலம் பாய்ஞ்சிருச்சு. ஒங்க போன இங்க குடுங்க, நான் பேசுறேன்." பாலத்துக்கிட்ட டயர் போய்விட்டதாம், மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், தயாபரன் ஓட்டோ வந்ததும் அதில் ஏற்றிவிடலாம், நீ போய் அவளுக்குப் பக்கத்தில் இரு என்று அனுப்பினேன். அந்த வெள்ளைக்கார நெட்டை மனுசன் நாங்கள் பேசுவதைப் போட்டோ எடுத்தார்.

தயாபரன் வந்தான். தண்ணிப் போத்தல்களை இறக்கினான். ஓட்டோவைக் கண்டதும் கப்பல்காரர்களுக்குச் சிறு பிள்ளை மாதிரி ஆசை வந்துவிட்டது. ரெண்டு ரெண்டு பேராக ஏறிக் கோயில் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். ஏழு தரம் போய் வந்தது. தயாபரனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, அவன் பேரில் ஒரு பிழையும் இல்லை. தனலெட்சுமி உள்ளே மலரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வெளியில் ஓட்டோ சத்தம் வருவதையும் போவதையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளிடம், ஒரு சுற்று முடிந்ததும் ஏற்றுகிறோம் என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லியிருந்தேன்.

மூன்று மணிக்குக் கால் மணி இருக்கும்போது பஸ் புறப்பட்டது. மஞ்சள் பை அம்மா என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். "மலைப்பக்கம் போறதுன்னா இவங்களுக்கு எப்பவும் பயமாம். ஒங்ககூட நடந்தப்போ பயமே வரலையாம்," என்றார் ஸமீம். பஸ் முடக்கில் திரும்புகிற வரைக்கும் நான் கை ஆட்டினேன். வழிகாட்டி அப்படித்தான் செய்ய வேண்டும்.

பிறகு உள்ளே போனேன்.

மலர் இறந்திருந்தாள். எப்போது என்று கேட்டேன். தனலெட்சுமி என் முகத்தைப் பார்க்கவில்லை. "பஸ்ஸுல ஹோன் அடிச்சாங்கல்ல, அப்ப கண்ணத் தொறந்து வாசலப் பாத்தாங்க. அதோட சரி," என்றாள். நான் குனிந்து மலரின் முகத்தைத் துடைத்தேன். தனலெட்சுமி எழும்பிப் போய் வாசலில் நின்று கத்தினாள். லயம் முழுக்கக் கூடிவிட்டது.

சாவு விழுந்தால் பிரேதம் எடுக்கிற வரைக்கும் எங்கள் லயத்தில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வீடு, கோயில்காரர் வீடு என்று அதில் பார்ப்பதில்லை. அன்று சாயந்தரம் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. கப்பல்காரர்கள் மிச்சம் வைத்த ரொட்டியைத்தான் பிய்த்துக் கொடுத்தார்கள். அதையும் ஒரு நன்மையாகச் சொல்கிறேன். விருந்தைப் பாதியில் கலைத்திருந்தால் அந்த ரொட்டி சுட்டிருக்கவே மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஸமீம் போன் அடித்தார். கப்பல்காரர்கள் இரவு கப்பலுக்குள் போய்ப் புள்ளி போடுவார்களாம். ஐந்துக்கு ஐந்து வந்திருக்கிறது, யானைக்காரனுக்குக்கூட நாலுதான், அடுத்த கப்பல் இருபத்துமூன்றாம் திகதி, நீங்கள்தான் ஆள் என்றார். மலர் இறந்துவிட்டாள் என்று சொன்னேன். எப்போது என்று கேட்டார். நீங்கள் போன பிறகு, சாயந்தரம் என்றேன். நல்லவேளை என்று சொல்லிவிட்டு, உடனே மன்னிப்புக் கேட்டார். அவர் நல்ல மனுசன். அவருக்கு இதில் சம்பந்தம் இல்லை.

மகன் ரொஷான் கொழும்பிலிருந்து வந்து அடக்கம் முடிகிற வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்த மூன்றாம் நாள் என் போனை எடுத்துப் பார்த்தான். ஞாயிறு பகல் நான் யாருக்கும் அடித்திருக்கவில்லை. "அப்பா, அம்புலன்சுக்கு எந்தப் போன்ல அடிச்சீங்க?" என்று கேட்டான். அவன் போனை மேசையில் வைத்துவிட்டு நேரே பொலிசுக்குப் போனான். தனலெட்சுமியையும் கூட்டிப் போயிருக்கிறான். அதனால்தான் இந்த விசாரணை. அவன் செய்தது சரி. படித்த பிள்ளை.

ஏன் செய்தாய் என்று சார்ஜன் ரெண்டு நாளாகக் கேட்கிறார். அவளோடு சண்டையா, வேறு பொம்பளையா, காப்புறுதிப் பணமா என்றெல்லாம் கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை. நாங்கள் நன்றாக இருந்தோம். நான் ஒரு கெட்டதும் செய்ய நினைக்கவில்லை. ஒரு நாளை ஒழுங்காக முடிக்க நினைத்தேன், அவ்வளவுதான். வழியில் ஒருத்தருக்குச் சுகமில்லாமல் போனது. அந்த ஒருத்தர் என் மனைவியாக இருந்துவிட்டாள். வேறு யாருடைய மனைவியாவது இருந்திருந்தால் கட்டாயம் பஸ்ஸைத் திருப்பியிருப்பேன். சொந்த ஆள் என்பதால்தான் உரிமையோடு கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

கடைசியாக ஒரு கேள்வி வைத்திருந்தீர்கள். இறப்பதற்கு முன்னால் அவள் ஏதாவது சொன்னாளா என்று. இல்லை, பேச்சு வரவில்லை என்று பொலிசில் எழுதியிருக்கிறது. அதையும் திருத்த வேண்டும்.

சுண்ணாம்பு தடவிக் கம்பளி போர்த்திவிட்டு எழும்பும்போது அவள் என் சாரத்தைப் பிடித்தாள். நாக்கு வீங்கியிருந்ததால் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லாச் சொல்லும் விளங்கியது. "பஸ்ஸுல ஹாலிஎல வரைக்கும் ஒரு எடம் கேட்டுப் பாருங்க. அங்கன எறக்கிவிட்டாப் போதும். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிறேன்."

இடம் இல்லை என்றேன். சரி என்று கையை எடுத்துக்கொண்டாள்.

அந்த பஸ்ஸில் பாதிக்கு மேல் சீட் வெறுமையாக இருந்தது. என் சப்பாத்து மட்டும் ஒரு சீட்டுக்கு அடியில் இருந்தது. அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று காலையிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். கேட்டிருந்தால் எழும்பி நின்று இடம் கொடுத்திருப்பார்கள், அந்த அம்மா பையைத் திறந்திருப்பார், பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலுக்கே விட்டிருப்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.